கிளாஸ் டீச்சரைப் பார்க்கப் போகும் முன்

(நமது கிளப் ஹவுஸில் நடந்த பெற்றோர் சந்திப்பில் பி பிளாக்கில் வசிக்கும் ஒரு தாய் பேசியதன் எழுத்து வடிவம். மடல் இணையத்தில் வெளியாவதால் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



நான் டாக்டரும் இல்லை, ஆசிரியையும் இல்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனின் அம்மா. உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். லிஃப்டில் ஏறியதும் எல்லா மாடி பட்டனையும் அமுக்குகிறவன் அவன்தான். அதற்கு முதலில் எல்லோரிடமும் ஒரு மன்னிப்பு.

அவனுக்கு ஏடிஎச்டி இருக்கிறது. தமிழில் கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு என்கிறார்கள். போன வருஷம் இந்த நேரத்தில் அவனுடைய பள்ளி, கிட்டத்தட்ட டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். இடையில் நாங்கள் செய்த தப்புகளையும், பிறகு சரியாகச் செய்த சில விஷயங்களையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளுக்காவது இது தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்த ஜூனிலிருந்தே டைரியில் சிவப்பு மை. கிளாஸ் வொர்க் முடிக்கவில்லை. இடத்தில் உட்காரவில்லை. பக்கத்துப் பையனின் பென்சிலை எடுத்தான். செப்டம்பருக்குள் நாலு தண்ணீர் பாட்டில் தொலைந்தது. பிறகு ஒரு நாள், "பெற்றோர் இருவரும் வரவும்" என்று வந்தது.

போனோம். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனோம். கோஆர்டினேட்டர் ஒரு பட்டியல் வாசித்தார். நான், "வீட்ல நல்லாத்தான் இருக்கான் மேடம்" என்றேன். அது பொய். வீட்டில் ஒரு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம் ஆகும். என் கணவர், "இவ்வளவு ஃபீஸ் வாங்கறீங்க, இதைக்கூடப் பார்த்துக்க மாட்டீங்களா?" என்று குரலை உயர்த்தினார். கிளாஸ் டீச்சர் கடைசி வரை தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது கோஆர்டினேட்டர், "இவனுக்கு ஏத்த ஸ்கூலா பாருங்களேன், டிசி உடனே குடுத்துடறோம்" என்றார்.

அன்று ராத்திரி படுக்கும்போது பையன் என்னிடம் கேட்டான்: "அம்மா, என் பேரை போர்டுல எழுதாத நாள் வந்தா கேக் வாங்கலாமா?" பேசுகிற பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார்கள் இல்லையா, அந்தப் பட்டியல். ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட அவன் பெயர் விடுபடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்தோம்.

முதலில் கண், காது பரிசோதனை. சரியாகக் காது கேட்காத குழந்தையும் வகுப்பில் கவனிக்காத மாதிரிதான் தெரியும். பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவர். ஏடிஎச்டியை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கின்றனவா, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கினவா, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா, அதனால் படிப்போ பழக்கமோ பாதிக்கப்படுகிறதா என்று பார்க்கிறார்கள். பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அத்தை, "இவங்கப்பாவும் இந்த வயசுல இப்படித்தான் துறுதுறுன்னு இருந்தான், இதுக்குப் போய் டாக்டரா?" என்றார். அத்தை சொன்னதில் பாதி சரி. இது குடும்பவழியில் வரக்கூடியது. டாக்டர் அதைக் கேட்டுக் குறித்தும் கொண்டார்.

இன்னொரு கேள்வி எல்லோரும் கேட்பது: "டிவி முன்னாடி ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றானே?" உட்காருவான். இந்தக் குழந்தைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு நிறுத்திவைப்பதுதான் கஷ்டம். படம் நொடிக்கு நொடி மாறுகிற டிவி, கவனத்தைத் தானே இழுத்துப் பிடிக்கும். கூட்டல் கணக்கு அப்படி இழுக்காது. இது சோம்பலும் இல்லை, நம் வளர்ப்பின் குற்றமும் இல்லை.

டாக்டர் ஒரு கேள்வித்தாளை எங்களிடமும், இன்னொன்றைக் கிளாஸ் டீச்சருக்காகவும் தந்தார். அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்கு ஒரே கூச்சம். "மிஸ், உங்களைவிட யாரும் அவனை அவ்வளவு நேரம் பார்க்கறதில்லை, நீங்க எழுதினாத்தான் டாக்டருக்குப் புரியும்" என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நிரப்பித் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் அவராகவே ஒரு வரி எழுதியிருந்தார்: "கதை சொல்லும்போது மட்டும் அசையாமல் கேட்கிறான்." நாங்கள் எதிரி என்று நினைத்திருந்தவர், முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் இவனை இவ்வளவு கவனித்திருக்கிறார்.

இரண்டாவது சந்திப்பை நாங்களே கேட்டு வாங்கினோம். காலையில் பிள்ளையை விடும்போது கேட்டில் நின்று பேசாதீர்கள். டீச்சருக்கு அது நேரமே இல்லை. அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி, தேதி வாங்கிப் போங்கள். டாக்டரின் பதினோரு பக்க ரிப்போர்ட்டைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனோம். அவனுக்கு நன்றாக வருவது என்ன, எங்கே சிக்குகிறான், பள்ளியிடம் என்ன கேட்கிறோம், வீட்டில் நாங்கள் என்ன செய்வோம். அவ்வளவுதான். கேட்டது ஐந்து விஷயங்கள்:

1. இடம். முன்வரிசையில், டீச்சருக்குக் கை எட்டும் தூரத்தில், ஜன்னலும் கதவும் இல்லாத பக்கம்.

2. ஒரு நேரத்தில் ஒரு வேலை. "புக்கை எடு, நாற்பதாம் பக்கம் திருப்பு, தேதி எழுது, மூணாவது கணக்கைப் போடு" என்று சொன்னால் அவன் காதில் நிற்பது முதல் வார்த்தை மட்டும்தான்.

3. எழுந்து நடக்க ஒரு காரணம். போர்டு அழிப்பது, நோட்டுகளை ஸ்டாஃப் ரூமில் வைத்து வருவது போல. தண்டனையாக பி.டி. பீரியடை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றும் கேட்டோம். ஓடி விளையாடாத நாளில் அடுத்த பீரியடு எல்லோருக்குமே சிரமம்.

4. பத்துக் கணக்கில் ஐந்தைச் சரியாகப் போட்டால் போதும் என்பது.

5. போர்டில் பெயர் எழுதுவதற்குப் பதிலாக ஒரு சின்ன அட்டை. அதில் இரண்டே இலக்குகள்: கை தூக்கிவிட்டுப் பேசினான், கிளாஸ் வொர்க் தொடங்கினான். செய்தால் டீச்சர் ஒரு டிக் போடுவார். டிக்கைப் பார்த்து வீட்டில் நாங்கள் பரிசு தருவோம். பரிசு என்றால் பொம்மை இல்லை. அன்று ராத்திரி எந்தக் கதை என்று அவன் தேர்ந்தெடுக்கலாம்.

நாலாவதை மறுத்துவிட்டார்கள். "மத்த பேரண்ட்ஸ் கேட்பாங்க" என்றார் கோஆர்டினேட்டர். நாங்கள் அழுத்தவில்லை. ஒரு மாதம் கழித்து டீச்சரே, "ஐந்து இப்போ, ஐந்து லஞ்சுக்கு அப்புறம்" என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஐந்தையும் அன்றே வாங்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அன்றே ஒரு மெயில் அனுப்பினோம். நன்றி, பேசி முடிவானவை இவை, அடுத்து இந்தத் தேதியில் சந்திக்கலாமா. எட்டு வரிதான். மே மாதம் டீச்சர் மாறினார். புது டீச்சருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் வேலையை அந்த மெயில்தான் பாதியாகக் குறைத்தது. கோபமாக இருக்கும்போது மட்டும் மெயில் எழுதாதீர்கள். எழுதினாலும் காலையில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சில பள்ளிகள், "ஷேடோ டீச்சர் வைத்தால்தான் சேர்ப்போம், செலவு உங்களுடையது" என்கின்றன. உடனே தலையாட்ட வேண்டாம். எந்தப் பீரியடுக்கு, எதற்காக, எவ்வளவு மாதத்துக்கு என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் யோசிக்கலாம்.

இப்போது சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அதன் 16ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏடிஎச்டி பெயர் சொல்லி இல்லை. எனவே சின்ன வகுப்புகளில், சான்றிதழைக் காட்டி வாங்குவதைவிடப் பேசி வாங்கும் ஏற்பாடுதான் நமக்குக் கைகொடுக்கும். ஏடிஎச்டியோடு கற்றல் குறைபாடும் சேர்ந்து வருவது உண்டு என்பதால், அதையும் பரிசோதித்துவிடுவது நல்லது. சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் முதல் சந்திப்பிலேயே மேஜையில் எடுத்து வைக்காதீர்கள். நாளைக் காலை எட்டரைக்கு நம் பிள்ளை அதே டீச்சர் முன்னால்தான் போய் உட்கார வேண்டும்.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதற்கு மேல் தேவையைப் பொறுத்து மருந்தும் சேரும். அது உங்கள் குழந்தையைப் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நம்ம வாட்ஸ்அப் குரூப் முடிவு செய்யக் கூடாது. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. நமக்கே மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, நம் குடியிருப்பு. பள்ளியில் அவன் இருப்பது ஏழு மணி நேரம். சாயங்காலம் முழுக்க உங்கள் நடுவில்தான் இருக்கிறான். அவன் செய்வது தப்பு என்றால் அவனிடம் நேராகச் சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு. எனக்குப் போன் செய்யுங்கள், நான் எடுப்பேன். குரூப்பில் மட்டும் போட வேண்டாம். அதுவும் ஒரு கரும்பலகைதான், அதில் நானூறு பேர் இருக்கிறோம். பிறந்தநாளுக்குக் கூப்பிடத் தயக்கமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிடுங்கள். நானும் கூட வந்து, கேக் வெட்டியதும் அழைத்துப் போய்விடுகிறேன்.

கேக் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அட்டையில் இரண்டு டிக்குகளும் இருந்தன. அடியில் டீச்சர், "இன்று போர்டில் பெயர் இல்லை" என்று எழுதியிருந்தார். அவன் பந்தயத்தை மறந்தே போயிருந்தான், நாங்கள் மறக்கவில்லை. கேக் வாங்கினோம். பாதித் துண்டு சாப்பிட்டதும் எழுந்து ஓடிவிட்டான். மீதியை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் போர்டில் மறுபடி அவன் பெயர் இருந்தது. பரவாயில்லை. இந்த மாதச் சந்திப்பு வருகிற வெள்ளிக்கிழமை. ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது அதன் மாதிரி வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காபியோடு தருகிறேன்.