கொலைஞன் போட்ட கணக்கு



அமெரிக்க ஒன்றிய நாடுகளின் குடியரசுத் தலைவர் சேம்சு கார்பீல்டு 1881 சூலை 2ஆம் நாள் வாசிங்டன் தொடர்வண்டி நிலையத்திற் சுடப்பட்டார். சுட்டவன் சார்லசு கிட்டோ. பித்தன் செயல் என்று ஒதுக்குவார் பலர். பித்தனே ஆயினும், அப் பித்துக்கு உணவிட்டது எது என வினவுதல் நம் கடன்.

வழக்கறிஞனாகவும் கடன் தண்டுபவனாகவும் சமயப் பொழிவாளனாகவும் முயன்று, எத்துறையினும் தோற்றவன் கிட்டோ. 1880ஆம் ஆண்டுத் தேர்தலிற் கார்பீல்டுக்காக ஒரு பொழிவை அச்சிட்டு வழங்கினான். அதனாலேயே அவர் வென்றார் என நம்பினான். அதற்குக் கூலியாக, முதலில் வியன்னாவிலும் பின்னர்ப் பாரிசிலும் தூதுப்பணி கேட்டான். வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் அலைந்தான். மடல்மேல் மடல் விடுத்தான். 1881 மே திங்களில் வெளியுறவுச் செயலர் பிளேன், பாரிசுப் பணி பற்றி இனி வாய் திறவாதே எனக் கடிந்து அனுப்பினார்.

இஃது அவன் ஒருவன் மடமை மட்டுமோ? அன்று. வென்ற கட்சி அரசுப் பணிகளைத் தன் ஆள்களுக்குப் பங்கிடுவதே அந் நாட்டு வழக்கம். அதற்குக் 'கொள்ளைப்பங்கு முறை' என்றே பெயர். தலைவரின் வாயிலிற் பணி வேண்டி நின்றோர் மிகப் பலர். கிட்டோ அவருள் ஒருவன்.

ஆளுங் கட்சியோ இரண்டுபட்டுக் கிடந்தது. நியூயார்க்குச் சுங்கத் தலைமைக்கு யாரை அமர்த்துவது என்னும் பூசலில், மேலவை உறுப்பினர் கான்கிலிங் மே 16இல் தம் பொறுப்பைத் துறந்தார். இப் பூசலை நாளிதழ்களிற் படித்த கிட்டோ, தலைவரை அகற்றினாற் கட்சி ஒன்றாகும், நாடு பிழைக்கும் என முடிவு கட்டினான். சுட்டபின், தான் கான்கிலிங் குழுவினன் என்றும், இனித் துணைத்தலைவர் ஆர்தரே தலைவர் என்றும் கூறினான். தன் ஏமாற்றத்திற்கு நாட்டுப்பற்று என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்டான்.

கணக்கு எவ்வாறு முடிந்தது? கார்பீல்டு 79 நாள் துன்புற்றுச் செபுதம்பர் 19இல் மாண்டார். மருத்துவர் தூய்மையற்ற விரல்களாற் புண்ணைத் துழாவியமையும் அச் சாவுக்குத் துணையாயிற்று. கிட்டோ 1882 சூன் 30இல் தூக்கிலிடப்பட்டான். கொள்ளைப்பங்கு முறையிலேயே வளர்ந்த ஆர்தர், 1883 சனவரி 16இல், தேர்வின்வழிப் பணியமர்த்தும் பெண்டில்டன் சட்டத்திற்கு ஒப்பமிட்டார். கிட்டோ எதனை வேண்டினானோ அதன் வேரிலேயே கோடரி விழுந்தது!

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். கொள்கை சார்ந்த அரசுப் பணியாளரை எளிதில் நீக்க வழிசெய்யும் ஆணையைத் தலைவர் திரம்பு 2020 அக்டோபரிற் பிறப்பித்தார். 2021 சனவரியிற் பைடன் அதனை நீக்கினார். 2025 சனவரி 20இல் திரம்பு மீண்டும் கொணர்ந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குப் பணியாளர் கட்டுப்படுதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பழைய கொள்ளைப்பங்கு திரும்பும் என்பர் மறு சாரார்.

மற்றோர் ஒப்புமையுங் காண்க. 2024 சூலை 13இல் பென்சில்வேனியாவின் பட்லரில் திரம்பு சுடப்பட்டுக் காதிற் புண்பட்டார். கூட்டத்தில் ஒருவர் உயிரிழந்தார். சுட்டவனும் அங்கேயே கொல்லப்பட்டான். அவன் நோக்கத்தைப் புலனாய்வினர் உறுதிசெய்யுமுன்னரே பழி ஏற்றும் பேச்சு எழுந்துவிட்டது. 1881இலும் ஆர்தர்மேலும் கான்கிலிங்மேலும் ஐயுற்றோர் உளர். அவர்க்கோ அக் கொலையிற் பங்கில்லை.

கொலைப்பழி கொன்றவனுக்கே உரியது. எனினும், பணியைக் கொள்ளைப்பொருளாகக் கருதுவதும், மாற்றுக் கருத்தினனை நாட்டின் பகைவன் என ஏசுவதும், நிலைகுலைந்த உள்ளத்திற்கு ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கின்றன. அன்பு பற்றி அறிவிலாரைத் தேர்தல் பேதைமையே தரும் எனத் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை எச்சரித்தார். பணியைத் தகுதிக்குத் தருக. பூசலைச் சொல்லளவில் நிறுத்துக. அச் சொல்லையும் அளந்து பேசுக. இவற்றை நும் நெஞ்சிற் பதித்து அமைகின்றேன்.