கயிலையும் கச்சியும்



காஞ்சியின் மேற்கே இராசசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எடுப்பித்த கோயிலுக்குக் கயிலாசநாதர் கோயில் என்று பெயர். அதன் கருவறையை வலம்வரும் வழி மிகக் குறுகியது. தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளிவர வேண்டும்.

வடகயிலையை வலம்வருவோர்க்கும் வழி எளிதன்று. ஏறத்தாழ 52 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. இடையே 5,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த தோல்மா கணவாய். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. மரமில்லை; பாறையும் பனியுமே துணை. 6,638 மீட்டர் உயர்ந்த அச்சிகரத்தின் மீது மனிதன் ஏறியதாகச் சான்றில்லை. சுற்றுகிறான், வணங்குகிறான், திரும்புகிறான்.

சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி என்னும் நான்கு பேராறுகளும் அம்மலைச் சூழலிலேயே பிறக்கின்றன. வாழ்வளிக்கும் இமயம் சினப்பதும் உண்டு. 1998-இல் குமாவோன் மலைவழியில் மால்பா என்னும் சிற்றூர் நிலச்சரிவில் புதைந்தபோது, கயிலை யாத்திரிகர் உள்ளிட்ட இருநூறு பேருக்கு மேல் மாண்டனர்.

இங்கே பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கிறது. அதன் மணலையும் அள்ளிவிட்டோம். எட்டாத சிகரத்தை மிதியாது போற்றும் மனம், எட்டிய ஆற்றை மிதித்தே அழித்தது. கயிலையைப் பாடும் கவிஞர்கள் முதலில் பாலாற்றை வலம்வருவார்களாக!