கட்டடமும் கணினியும்



தன்வினை, பிறவினை என இரண்டு உண்டென்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். 'கட்டினான்' என்பது தன்வினை. 'கட்டுவித்தான்' என்பது பிறவினை. ஆயினும் உலக வழக்கில், கொத்தனார் கட்டிய வீட்டை 'நான் கட்டிய வீடு' என்றே உரிமையாளர் சொல்லிக்கொள்கிறார். பணம் கொடுத்ததைத் தவிர அவ்வேலையில் அவருக்கு என்ன ஆட்சி இருந்தது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

2003ஆம் ஆண்டில் நான் ஒரு சிறு வீடு கட்டுவித்தேன். பகலெல்லாம் பள்ளியில் இருப்பேன். மாலையில் சென்று பார்ப்பேன். மேல்தளம் போட்ட நாளிலும் வகுப்பில்தான் இருந்தேன். பத்தாண்டு கழிவதற்குள் தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்தது. துருவேறிய கம்பிகள் வெளியே தெரிந்தன. தளத்தின் அடியில் கம்பியைச் சுற்றிப் பொதுவாக 20 மில்லிமீட்டர் அளவுக்குக் கான்கிரீட் மூடியிருத்தல் வேண்டும். இல்லையேல் ஈரமும் காற்றும் கம்பியை எளிதில் அடைந்துவிடும். அந்த இடைவெளி விடப்படவில்லை என்றார் பார்வையிட்ட பொறியாளர். ஒப்பந்தக்காரரோ, "விட்டுத்தான் போட்டோம், ஐயா" என்றார். அன்றைய நிலையைக் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை, ஒரு குறிப்பும் இல்லை. கான்கிரீட் மூடியதைப் பின்னர்க் கண் காணாது அன்றோ?

கட்டுவிப்போர் கண்ணுக்கு எல்லாம் முன்னதாகத் தெரியாமற்போவது அரசுகளுக்கும் நேர்ந்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஒபேரா மாளிகை வேலை 1959இல் தொடங்கியபோது, அதன் கூரையை எவ்வாறு அமைப்பது என்பதே முடிவாகவில்லை. வேலையைத் தொடங்கிவிட வேண்டுமென அரசு விரைந்தது. பின்னர், கூரையின் பாரத்தைத் தாங்க இயலாத தூண்களை மீண்டும் கட்ட நேர்ந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என மதிப்பிட்ட செலவு 10 கோடியே 20 லட்சமாக உயர்ந்தது. 1963இல் முடியும் என்று எதிர்பார்த்த மாளிகை 1973இல்தான் திறக்கப்பட்டது.

இன்று ஒரு கட்டடத்தின் முழு வடிவத்தையும் கணினியில் முன்னதாகவே காணலாம். 'பிம்' என்று சுருக்கமாக வழங்கும் கட்டடத் தகவல் மாதிரியில் தூண், உத்திரம், தண்ணீர்க் குழாய், மின்கம்பி யாவும் தத்தம் அளவுடன் ஓரிடத்தில் அமைகின்றன. ஒரு குழாய் உத்திரத்தின் குறுக்கே வந்துவிட்டால், அப்பிழை திரையிலேயே புலப்படும். இடித்துத் திருத்த வேண்டியதை அழித்துத் திருத்தலாம். பிரிட்டனின் மத்திய அரசு தன் கட்டடப் பணிகளுக்கு 2016 முதல் இம்முறையைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலோ, 'ரெரா' எனப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற குடியிருப்புத் திட்டங்களின் நிலையை மூன்று மாதத்திற்கு ஒருமுறை இணையத்தில் தெரிவிக்குமாறு கட்டி விற்போரைப் பணிக்கிறது. வீடு வாங்குவோர் தம் ஊரில் இருந்தபடியே அதனைப் பார்க்கலாம்.

சிறிய வீட்டிற்கு ஒரு கைப்பேசியே பெருந்துணையாகும். 2021இல் என் வீட்டையடுத்து இரண்டு அறைகள் கட்டுவித்தேன். கம்பி கட்டிய ஒவ்வொரு நிலையையும் நாளும் நேரமும் விளங்கப் படமெடுத்து அனுப்ப வேண்டும், பார்த்து ஒப்பிய பின்னரே கான்கிரீட் போட வேண்டும் என்று முன்னதாக எழுதிக்கொண்டோம். தளத்தின் படம் வந்தது. கம்பிகள் பலகைமீது படிந்து கிடந்தன. அவற்றைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குகள் பல இடங்களில் இல்லை. வேலையை நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரியின் முகம் வாடியது. அரைநாள் வீணாயிற்று, ஆனால் குறை நீங்கியது.

மற்றொரு நாள், சிமெண்டு மூட்டைகள் குறைகின்றன என்று அவரை ஐயுற்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தம் கைப்பேசியை நீட்டினார். வந்த மூட்டைகளும் செலவான மூட்டைகளும் நாள்தோறும் பதியப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தேன். தவறு என்னுடையது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். என்னைக் காத்த பதிவு அவருடைய நாணயத்தையும் காத்தது. கணக்கு இல்லாத இடத்தில் ஏமாற்றுவோர் தப்புவதுபோலவே, நேர்மையானவர் பழி சுமப்பதும் உண்டு.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நூறு படங்கள் வந்து குவிந்தாலும், திறந்து பாராதவருக்கு அவற்றால் பயனில்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவருக்குப் படத்தில் உள்ள குறையும் தெரியாது. உங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ கட்டட வேலை நடந்தால், பொறியாளரிடம் வரைபடத்தைக் கேட்டுப் பொருள் அறிந்துகொள்ளுங்கள். மூடப்படுவதற்கு முன் படமெடுங்கள். மூடப்படுவதற்கு முன்னரே கேளுங்கள். அவ்வாறு செய்தவர் 'நான் கட்டிய வீடு' என்று சொன்னால், இலக்கண ஆசிரியனாகிய நானும் அதைப் பிழையென்று திருத்தமாட்டேன்.