ஓய்வும் ஊழியந்தான்

 

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ ஐயா ஒருவர் பிள்ளைகள் இல்லம் நடத்துகிறார். "லீவு எடுங்கய்யா" என்றால், "பசி லீவு எடுக்குமா தம்பி?" என்பார். போன வருடம் மயங்கி விழுந்தார். அரிசிக்கடைக் கணக்குகூட அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லமே திகைத்து நின்றது.

நான் இன்ஜினீயர். பராமரிப்புக்கு நாம் நிறுத்தாத மெஷின், ஒருநாள் தானே நின்றுவிடும். அப்போது ஸ்டாண்ட்-பை பம்பும் இல்லையென்றால் ஊருக்கே தண்ணீர் கிடையாது.

இது புதுப் பாடமில்லை. மதுரை அமெரிக்கன் மிஷனார் நோயில் பலரைப் பறிகொடுத்த பிறகுதான் 1845-ல் கொடைக்கானலில் ஓய்வு வீடு கட்டினார்கள். பிறகு கோடைதோறும் பல மிஷன் ஊழியர்கள் அங்கே கூடிப் பேசினார்கள். வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடரும் அங்கே போவார். அவர் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கி, ஆட்களை உருவாக்கினார். 1946-ல் அவர் ஓய்வு பெற்றபின்பும் வேலை நிற்கவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறோம். ஐயா தம்மைப்போல் இல்லம் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுகிறார். கணக்கை இப்போ இல்லத்தில் வளர்ந்த பெண் எழுதுகிறாள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். நன்கொடையோடு ஒரு நாளையும் கொடுங்கள்.