துன்ப நாளில் ஒரு துளி இன்பம்



"ஒரு இன்ஜினியர் சந்தோஷத்தைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறான்?" என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தத்துவம் எனக்கு வராது. ஆகவே உடைந்துபோன ஒரு கப்பலைப் பற்றிப் பேசுகிறேன்.

அதன் பெயர் எண்டூரன்ஸ். அன்டார்டிகாவைக் குறுக்காகக் கடக்க வேண்டும் என்று ஷாக்கிள்டன் தலைமையில் 1914இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. கப்பலில் 28 பேர். 1915 ஜனவரியில் வெட்டல் கடலில் பனிப்பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் பனி நெருக்கியதில் பலகைகள் முறிந்தன. அக்டோபர் 27ஆம் தேதி கப்பலைக் கைவிட்டுப் பனிமேல் இறங்கினார்கள். நவம்பர் 21இல் கப்பல் மூழ்கியது. வெளி உலகுக்குத் தகவல் சொல்ல எந்த வழியும் கிடையாது.

இறங்கும்போது ஷாக்கிள்டன் ஒரு உத்தரவு போட்டார். ஆளுக்கு 2 பவுண்டு எடையுள்ள சொந்தப் பொருள்தான். தன்னிடமிருந்த தங்கக் காசுகளைத் தானே முதலில் பனியில் எறிந்தார். ஆனால் வானிலை ஆய்வாளர் ஹஸ்ஸியிடம் மட்டும், "உன் பாஞ்சோவை விட்டுவிடாதே" என்ற பொருளில் சொன்னார். அந்த நரம்பு வாத்தியமோ, அனுமதித்த எடையைப்போலப் பல மடங்கு கனம்! தங்கம் வேண்டாம், வாத்தியம் வேண்டும் என்றால், இது என்ன கணக்கு?

கணக்கு பிறகு புரிந்தது. 1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவில் கரையேறினார்கள். ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஒரு சிறு படகில் உதவி தேடிப் போனார்கள். மீதி 22 பேர், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் அடியில் நான்கு மாதத்துக்கு மேல் குடியிருந்தார்கள். பெங்குவின் கறி, சீல் கறிதான் சாப்பாடு. பனியில் விறைத்துப்போன ஒரு இளைஞனின் இடது கால் விரல்களை அங்கேயே அறுவை செய்து எடுத்தார்கள்.

அந்த இடத்தில்தான் சனிக்கிழமை தோறும் கச்சேரி நடந்தது! ஹஸ்ஸி பாஞ்சோ வாசிப்பார், மற்றவர்கள் பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். ஜூன் 22, அங்கே நடுக்குளிர்கால நாள். இனி சூரியன் திரும்பி வரும் என்று விருந்து கொண்டாடினார்கள். பானம் என்ன தெரியுமா? வெந்நீர், சர்க்கரை, இஞ்சி, அதில் அடுப்புக்கு வைத்திருந்த ஸ்பிரிட் கொஞ்சம். நம் ஹாஸ்டல் மெஸ் எவ்வளவோ தேவலை!

இதில் நான் கவனித்தது மூன்று. ஒன்று, அவர்கள் மனசு சரியாகட்டும் என்று காத்திருக்கவில்லை. சனிக்கிழமை வந்தால் கச்சேரி. இரண்டு, இல்லாததைக் கேட்கவில்லை. இருந்ததை வைத்துச் செய்தார்கள். மூன்று, தனியாக அனுபவிக்கவில்லை.

பாஞ்சோவா அவர்களைக் காப்பாற்றியது என்று கேட்பீர்கள். இல்லை. காப்பாற்றியது படகும், கடல் வழி தெரிந்தவர்களின் திறமையும், நான்காவது முயற்சியில் 1916 ஆகஸ்ட் 30 அன்று வந்து சேர்ந்த சிலி நாட்டு யெல்ச்சோ கப்பலும்தான். ஆனால் அந்தக் கப்பல் வரும்போது கரையில் 22 பேரும் உயிரோடு, புத்தி பேதலிக்காமல் நிற்க வேண்டுமே! நின்றார்கள். கிளம்பிய 28 பேரும் பிழைத்தார்கள்.

பாலம் கட்டும்போது இரண்டு தளங்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறோம். பார்க்கிறவனுக்கு அது வெறும் சந்து. அது இல்லாவிட்டால் வெயிலில் கான்கிரீட் விரிந்து தளமே வெடிக்கும். சின்னச் சின்ன சந்தோஷமும் அப்படித்தான். வேலை முடிந்த பிறகு கிடைக்கும் போனஸ் அல்ல, டிசைனிலேயே சேர வேண்டிய விஷயம். வள்ளுவர் இதற்காகவே இடுக்கணழியாமை என்று 63ஆம் அதிகாரத்தை வைத்தார்.

தம்பி தங்கைகளே, அரியர் நாலு இருக்கிறது, கேம்பஸில் பெயர் வரவில்லை என்று ரூமைப் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். படியுங்கள், ஆறு மணிக்கு டீக்கடைக்கும் போங்கள், நாலு பேராகப் போங்கள். நண்பர்களே, வேலை போனவர், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர் நம் பேட்ச்சிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் போடுங்கள். பழைய கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள்.

எண்டூரன்ஸ் 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பாஞ்சோவோ பத்திரமாகக் கரை சேர்ந்து லண்டன் கிரீன்விச் அருங்காட்சியகத்துக்குப் போனது. எதை எடுத்துக்கொண்டு இறங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.