பஞ்சிழைக்குள் ஒரு சாரம்



1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம் கோவில்பட்டியில் உள்ளது. பருத்தி ஆய்வு அதன் பழம்பணி. நம் கரிசலின் முதுபயிரோ கருங்கண்ணிப் பருத்தி. அதன் இழை குறுகியது. ஆலைகள் நீளிழைக்கே மிகுவிலை தருகின்றன. அங்ஙனமாயின், இழையின் நீளத்தை வரையறுப்பது யாது?

பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணுவாகும். பூ மலரும் நாளில் சூலின் தோலினின்று முளைத்து, ஏறத்தாழ மூன்று கிழமைக்குள் அது தன் பருமனைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேலாக நீள்கின்றது. அந்நீட்சிக்கு உள்ளிருந்து சாரமாய் நிற்பது ஆக்டின் என்னும் புரதம். 1942-இல் அங்கேரி நாட்டுச் சுட்ரௌபு என்பார் தசையில் கண்டறிந்த அதே புரதந்தான் இது. இதன் மணிகள் கோவையாகி நுண்புரிகளாகின்றன. உயிரணுச் சுவருக்கு வேண்டிய பொருள்கள் அப்புரிகளின் வழியே சென்று சேர்கின்றன.

கொத்தனார் சாரம் கட்டும் முறையை எண்ணிப் பாருங்கள். கீழே அவிழ்த்த கழிகளே மேலே கட்டப்படுகின்றன. உயிரணுவிலும் அவ்வாறே. புரோபிலின் என்னும் புரதம் மணிகளை ஏந்திச் சென்று வளரும் முனையிற் சேர்க்கின்றது. பிறிதொரு புரதம் பழம்புரியை அறுத்து மணிகளை விடுவிக்கின்றது. அதனை 'அவிழ்ப்புரதம்' எனலாம். கட்டுதலும் அவிழ்த்தலும் அளவொத்து நிகழ்ந்தால்தான் வளர்ச்சி உண்டு.

இது வெறுங்கருத்தன்று. 2005-இல் சீன ஆய்வாளர் பருத்தியிழையின் ஆக்டின் மரபணு ஒன்றை அடக்கினர். புரியமைப்புக் குலைந்தது, இழை நீளவில்லை. 2009-இல் அவிழ்ப்புரதத்தைக் குறைத்தனர். இழை முன்னினும் நீண்டு வலிவும் பெற்றது. 2010-இல் புரோபிலினை மிகுத்தனர். புரிகள் தடித்துத் திரண்டன, இழையோ உரிய காலத்திற்கு முன்பே நீட்சியை நிறுத்திக்கொண்டது. கட்டுவோர் மிகுந்தால் கட்டடம் உயரும் என்பதில்லை!

அவ்வாய்வுகள் அமெரிக்கப் பருத்தியில் நிகழ்ந்தவை. நம் கருங்கண்ணியின் இழையும் ஓர் உயிரணுவே. அதனுள்ளும் இச்சாரம் உண்டு. அஃது ஏன் விரைந்து நிற்கின்றது என்னும் வினாவைக் கரிசலில் பிறந்த மாணவன் எழுப்பாமல் வேறு எவன் எழுப்புவான்? அவ்வினா அவனுள் எழ வேண்டுமாயின், உயிரணுவின் செய்தி அவன் தாய்மொழியில் அவனை வந்தடைதல் வேண்டும். தமிழாசிரியர்களே, அறிவியலாசிரியர்களே! அதனைக் கொண்டு சேர்ப்பது நம் கடன்.