சேலையூர் பாட்டு டீச்சரும் 100 மில்லிசெகண்டும்

சேலையூர், குரோம்பேட்டை தெருக்கள்ல நடந்து பாருங்க, சில கேட்டுல 'பாட்டு, வீணை கற்றுத் தரப்படும்'னு போர்டு தொங்கும். உள்ள அந்த டீச்சர் காலை 6:30க்கே லேப்டாப் முன்னாடி. கலிஃபோர்னியாவுல அப்போ சாயங்காலம். டாலர்ல ஃபீஸ், தப்பே இல்ல.

ஆனா சுமார் 30 மில்லிசெகண்ட் தாமதத்தைத் தாண்டினாலே ரெண்டு பேர் ஒரே தாளத்துல சேர்ந்து பாடுறது கஷ்டம். இங்கிருந்து அமெரிக்காவுக்கு வீடியோ கால்ல ஒரு பக்கம் போகவே 100 தாண்டிடும். எந்த பிராட்பேண்ட் பிளானும் இதைச் சரி பண்ணாது, தூரம் அப்படி. அதனால டீச்சர் பாடி நிறுத்தணும், அப்புறம்தான் பிள்ளை பாடணும்.

மாயாமாளவகௌளையில சரளி வரிசையை மூணு காலத்துலயும் கூடவே பாடி, ஸ்ருதி விலகுற இடத்துலயே பிடிச்சு நிறுத்துறது பக்கத்துத் தெருப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அந்தப் பிள்ளைங்க வரலைன்னுதான் போர்டே தொங்குது. டிரையல் கிளாஸ் முடிஞ்சதும் காணாமப் போயிடாதீங்க, ப்ளீஸ். மூணு மாசமாவது போங்க.